குடலுக்கும் தொடு உணர்வு உண்டு

ஒரு கவளம் சோற்றை வாயில் வைக்கிறோம். சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா, குழைந்திருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா என்பதை நாக்கு உடனே சொல்லிவிடுகிறது. சிறு கல் ஒன்று பல்லில் பட்டாலும் கண்டுபிடித்துவிடுகிறோம். ஆனால் விழுங்கிய பிறகு? தொண்டையைத் தாண்டி இறங்கியதும் அந்தச் சோறு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரிவதேயில்லை. அடுத்த நாள் காலையில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்ற அழைப்பு வரும்போதுதான் வயிற்றின் நினைப்பே வருகிறது.

இடைப்பட்ட நேரத்தில் அந்த உணவு பல மீட்டர் நீளமுள்ள குழாயில் பயணம் செய்திருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தள்ள வேண்டும், எங்கே நீர் சுரந்து வழுக்கலாக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரோ பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். நாம் ஒரு கட்டளையும் இடவில்லை. அப்படியானால் உள்ளே உணவு வந்திருக்கிறது என்பது குடலுக்கு எப்படித் தெரிந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடி அறிவியலாளர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்திருக்கிறார்கள். அந்த விடையின் முக்கியமான ஒரு பகுதி கடந்த சில ஆண்டுகளில்தான் கிடைத்தது. வெறும் அறிவுக்காக மட்டும் நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. "வயிறு சரியில்லை" என்று ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டு, எல்லாப் பரிசோதனையும் செய்து, "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், எல்லாம் உங்கள் மனசுதான்" என்று திருப்பி அனுப்பப்படும் மனிதர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வேதனையைப் புரிந்துகொள்ளவும் இந்தச் செய்தி உதவும்.

வெளியிலிருந்து கட்டளை தேவையில்லை

1899 ஆம் ஆண்டு. லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் அறிஞர்கள் நாய்களின் சிறுகுடலை ஆராய்ந்தார்கள். குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பிறகும், குடலுக்குள் ஒரு சிறு உருண்டையை வைத்தால் அது நகர்ந்தது. உருண்டைக்குப் பின்னால் இருக்கும் பகுதி இறுகுகிறது. முன்னால் இருக்கும் பகுதி தளர்கிறது. பற்பசைக் குழாயைப் பின்னாலிருந்து பிதுக்குவதைப் போல, பொருள் தானாக முன்னே போகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிந்தன. ஒன்று, குடலுக்குச் சொந்தமாக ஒரு நரம்பு வலைப்பின்னல் இருக்கிறது. மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் அது வேலை செய்யும். இரண்டு, உள்ளே ஏதோ ஒன்று வந்து அழுத்துகிறது என்பதைக் குடல் உணர்கிறது. அதை உணர்வது எது என்பதுதான் அடுத்த கேள்வி.

மஞ்சள் நிறம் பிடிக்கும் செல்கள்

குடலின் உட்புறச் சுவரில் ஒரே அடுக்காக நெருக்கமாக அமைந்த செல்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை உணவிலிருந்து சத்தை உறிஞ்சுபவை. இடையிடையே, நூற்றில் ஒன்றுகூடத் தேறாத அளவில், வேறு வகைச் செல்கள் சிதறிக் கிடக்கின்றன. குரோமிய உப்பில் நனைத்தால் இவை மட்டும் மஞ்சள் பழுப்பு நிறம் பிடிக்கும். அதனால் இவற்றுக்கு 'என்டெரோகுரோமாஃபின் செல்கள்' என்று பெயர் வந்தது. பெயர் நீளம் என்பதால் நாம் இக்கட்டுரையில் 'ஈ.சி. செல்கள்' என்றே சொல்வோம்.

1930களில் இத்தாலியின் பவியா நகரில் விட்டோரியோ எர்ஸ்பாமர் என்ற ஆய்வாளர், இந்தச் செல்கள் நிறைந்த திசுவிலிருந்து ஒரு சாற்றை எடுத்தார். அந்தச் சாறு பட்டதும் குடல் தசைகள் சுருங்கின. அதில் இருக்கும் பொருளுக்கு அவர் 'என்டெரமின்' என்று பெயர் வைத்தார்.

1948இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகியோர் இரத்தத்தில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் நீரான சீரத்தில், இரத்தக் குழாய்களை இறுக்கும் ஒரு பொருள் இருந்தது. அதைப் பிரித்தெடுத்து 'செரோட்டோனின்' என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1952இல், எர்ஸ்பாமரின் என்டெரமினும் இவர்களின் செரோட்டோனினும் ஒரே பொருள்தான் என்பது தெரியவந்தது. மறு ஆண்டு பெட்டி ட்வாரோக் என்ற பெண் விஞ்ஞானி அது மூளையிலும் இருப்பதைக் காட்டினார்.

வரிசையைக் கவனியுங்கள். செரோட்டோனினை மனிதன் முதலில் சந்தித்த இடம் குடல். மூளை கடைசியாகத்தான் வந்தது. ஆனால் இன்று செரோட்டோனின் என்றால் எல்லாரும் மூளையைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் நம் உடலில் உள்ள செரோட்டோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் இருப்பது குடலில்தான்.

அழுத்தினால் சுரக்கிறது

ஈ.சி. செல்கள் செரோட்டோனினைச் சேமித்து வைத்திருக்கின்றன என்பது தெரிந்தது. அதை எப்போது வெளியே விடுகின்றன?

எடித் புல்பிரிங் என்ற பெண் விஞ்ஞானி ஜெர்மனியில் பிறந்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் வேலையை இழந்து இங்கிலாந்தில் குடியேறியவர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1950களின் இறுதியில் அவரும் அவருடைய சகாக்களும் கினிப் பன்றியின் குடல் துண்டுகளை வைத்துச் சோதனை செய்தார்கள். குடலுக்குள் அழுத்தத்தைக் கூட்டியபோது செரோட்டோனின் அதிகமாக வெளியேறியது. செரோட்டோனினை உட்புறச் சுவரில் பட வைத்தால் குடலின் தள்ளும் அசைவு தூண்டப்பட்டது. எனவே உணவு வந்து அழுத்துகிறது, செல் செரோட்டோனினைச் சுரக்கிறது, அது நரம்பைத் தூண்டுகிறது என்று அவர் விளக்கினார்.

விளக்கம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு கண்ணி காணாமல் இருந்தது. அழுத்தம் என்பது இயற்பியல் விசை. செரோட்டோனின் என்பது வேதிப்பொருள். விசையை வேதிச் செய்தியாக மாற்றும் கருவி செல்லில் எங்கே இருக்கிறது? அதற்கு விடை கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

விசைக்குத் திறக்கும் கதவு

லெபனானின் பெய்ரூத் நகரில் 1967இல் பிறந்தவர் ஆர்டம் பட்டாபூட்டியன். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நாட்டில் வளர்ந்து, 1986இல் அமெரிக்கா சென்றவர். கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் அவரும் பெர்ட்ராண்ட் கோஸ்ட்டும் ஒரு வகை எலிச் செல்லைக் கண்டார்கள். நுண்ணிய கண்ணாடிக் குழலால் மெல்லக் குத்தினால் அதில் சிறு மின்னோட்டம் எழுந்தது. அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய 72 மரபணுக்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு மரபணுவைச் செயலிழக்க வைத்தபோது, குத்தினாலும் செல் பேசாமல் இருந்தது.

அந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கு 'பீசோ1' என்று பெயரிட்டார்கள். அழுத்தம் என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. அதைப் போன்ற இன்னொரு புரதம் 'பீசோ2'. 2010இல் இந்தக் கண்டுபிடிப்பு வெளியானது. 2021இல் பட்டாபூட்டியனுக்கு, டேவிட் ஜூலியஸ் என்பவரோடு சேர்த்து, மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பீசோ என்பது செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் ஒரு கதவு. மூன்று இறக்கைகள் கொண்ட மின்விசிறியைப் போன்ற வடிவம். அந்த இறக்கைகள் வளைந்திருப்பதால், அது பதிந்துள்ள இடத்தில் செல்லின் உறை ஒரு கிண்ணம் போலக் குழிந்திருக்கும். செல் இழுபடும்போதும் அழுத்தப்படும்போதும் அந்தக் கிண்ணம் தட்டையாகிறது. உடனே நடுவில் உள்ள துளை திறந்து, வெளியே இருக்கும் மின்னூட்டம் கொண்ட அயனிகள் உள்ளே பாய்கின்றன. விசை நின்றதும் துளை மூடிக்கொள்கிறது.

நம் விரல் நுனி ஒரு துணியின் வழவழப்பை உணர்வதற்கும், கண்ணை மூடிக்கொண்டே கையை எங்கே வைத்திருக்கிறோம் என்று அறிவதற்கும் இந்த பீசோ2 தான் காரணம். அதே பீசோ2 குடலிலும் இருக்கிறது என்பதுதான் நம் கதையின் முக்கியமான திருப்பம்.

குடலுக்குள் நடப்பது என்ன?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ கிளினிக்கில் ஆர்தர் பெய்டர் தலைமையிலான குழு 2017, 2018 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. ஈ.சி. செல்களில் ஒரு பகுதியில் பீசோ2 இருக்கிறது. அத்தகைய செல்லை நுண்ணிய குழலால் அழுத்தினால் மின்னோட்டம் எழுகிறது, செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது, செரோட்டோனின் வெளியேறுகிறது. பீசோ2வை நீக்கிவிட்டால் அழுத்தத்துக்குச் செல் தரும் பதில் மங்கிவிடுகிறது.

நடப்பதை வரிசையாகச் சொன்னால் இப்படி:

முதலில், உணவுக் கூழ் குடல் சுவரை உரசுகிறது, அழுத்துகிறது. அதனால் சுவரிலுள்ள ஈ.சி. செல்லின் உறை இழுபடுகிறது.

அடுத்து, பீசோ2 கதவு திறக்கிறது. அயனிகள் உள்ளே பாய, செல்லில் மின்மாற்றம் ஏற்பட்டு கால்சியம் கூடுகிறது.

பின்பு, செரோட்டோனினை அடைத்து வைத்திருக்கும் நுண்ணிய பைகள் செல்லின் ஓரத்துக்கு வந்து திறந்து, சரக்கை வெளியே கொட்டுகின்றன.

அதன்பின், பக்கத்தில் இருக்கும் நரம்பு முனைகள் செரோட்டோனினை உணர்ந்து செய்தியைக் கடத்துகின்றன. பின்னால் தசை இறுகுகிறது, முன்னால் தளர்கிறது. குடல் சுவர் நீரும் சுரந்து பாதையை வழுக்கலாக்குகிறது.

கடைசியாக, வேலை முடிந்த செரோட்டோனினைச் சுவரின் மற்ற செல்கள் உறிஞ்சி அப்புறப்படுத்துகின்றன. மிச்சம் இரத்தத்தில் கலந்தால் தட்டணுக்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. துப்புரவு இல்லாவிட்டால் அழைப்பு மணி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

எலிகளின் குடல் சுவரில் உள்ள இத்தகைய செல்களில் பீசோ2 இல்லாதபோது, குடலில் பொருள்கள் நகரும் வேகம் குறைந்ததையும் அதே குழுவினர் பின்னர் கண்டார்கள். விரலின் தொடு உணர்வைப் போலவே குடலுக்கும் நுண்ணிய தொடு உணர்வு இருக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள்.

இது மட்டும்தானா?

இல்லை. இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். ஒரு கண்டுபிடிப்பு வந்ததும் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஒரு சோதனையில், கினிப் பன்றியின் பெருங்குடலிலிருந்து உட்புறச் சுவரை முழுவதுமாக உரித்தெடுத்துவிட்டார்கள். ஈ.சி. செல்கள் போய்விட்டன. இருந்தும் குடலின் தள்ளும் அசைவு நிற்கவில்லை. குடலின் நரம்புகளும் தசைகளும் தாங்களாகவே இழுபடுதலை உணரும் என்பதுதான் காரணம். ஆக, ஈ.சி. செல்கள் இயந்திரத்தை ஓட்டும் ஒரே சாவி அல்ல. ஓட்டத்தை இடத்துக்கும் பொருளுக்கும் ஏற்றபடி திருத்திக்கொடுப்பவை என்று சொல்வதே பொருத்தம்.

அதேபோல், முதுகுத் தண்டிலிருந்து குடலுக்கு வரும் உணர்வு நரம்புகளிலும் பீசோ2 உண்டு. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் அந்த நரம்புகளில் பீசோ2வை நீக்கியபோது உணவு வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. அதாவது அந்த நரம்புகள் தடை போடும் வேலையைச் செய்கின்றன. பிறவியிலேயே பீசோ2 இல்லாத மனிதர்கள் மிகச் சிலர் உலகில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் குடல் கோளாறுகள் இருப்பதை அந்த ஆய்வு பதிவு செய்தது. சுவரில் இருக்கும் பீசோ2 உந்துகிறது. நரம்பில் இருக்கும் பீசோ2 நிதானப்படுத்துகிறது. வண்டிக்கு இரண்டும்தான் தேவை.

'மகிழ்ச்சி ஹார்மோன்' என்ற வியாபாரம்

செரோட்டோனினில் பெரும்பங்கு குடலில் இருக்கிறது என்ற உண்மையை எடுத்துக்கொண்டு, "எங்கள் பொடியைச் சாப்பிட்டால் குடலில் செரோட்டோனின் பெருகி மனம் மகிழும்" என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் இத்தகைய செய்திகள் நாள்தோறும் சுற்றுகின்றன. ஏமாறாமல் இருக்க ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டால் போதும்.

குடலில் சுரக்கும் செரோட்டோனின் மூளைக்குள் நுழைய முடியாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தயாரிக்கும் நொதிகூட வேறு. குடலில் உள்ளது ஒன்று, மூளையில் உள்ளது மற்றொன்று என்பது 2003இல் உறுதியானது. குடலும் மூளையும் நரம்புகள் வழியாகப் பேசிக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் குடலின் செரோட்டோனினே நேராக மூளைக்கு ஏறி மகிழ்ச்சியைத் தரும் என்பது பொய். குடலில் அதன் வேலை, "சரக்கு வந்திருக்கிறது, நகர்த்துங்கள்" என்று சொல்வது.

மருந்துகள் சொல்லும் பாடம்

இந்தச் செய்திப் பாதையை மருத்துவம் ஏற்கெனவே பயன்படுத்தி வருகிறது. புற்றுநோய்க்கான சில மருந்துகள் ஈ.சி. செல்களைத் தாக்கும்போது செரோட்டோனின் மொத்தமாகக் கொட்டுகிறது. நரம்பு அதை மூளைக்குத் தெரிவிக்க, கடுமையான வாந்தி வருகிறது. நரம்பு முனையில் செரோட்டோனின் ஒட்டுவதைத் தடுக்கும் ஒன்டான்செட்ரான் என்ற மருந்து வந்த பிறகு, புற்றுநோயாளிகளின் அந்த வேதனை பெருமளவு குறைந்தது. வாந்தி எடுக்கும் குழந்தைகளுக்கு மருத்துவர் எழுதித் தருவதும் பல நேரங்களில் இதே மருந்துதான்.

மறுபக்கமும் உண்டு. அதே வகையைச் சேர்ந்த அலோசெட்ரான் என்ற மருந்து, வயிற்றுப்போக்கோடு கூடிய குடல் எரிச்சல் நோய்க்காக 2000 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்கு மிகக் கடுமையான மலச்சிக்கலும், இரத்த ஓட்டம் குறைந்து பெருங்குடல் பாதிக்கப்படுவதும் நேர்ந்ததால், அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. 2002இல் கடும் கட்டுப்பாடுகளுடன் மட்டுமே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. குடலின் அழைப்பு மணியை அளவுக்கு மீறி அடக்கினால் ஆபத்து என்பதே இதன் பாடம். செரோட்டோனின் அளவை மாற்றும் மனச்சோர்வு மருந்துகளை எடுக்கத் தொடங்கும் சிலருக்கு முதல் சில வாரங்களில் குமட்டலோ வயிற்றுப்போக்கோ வருவதற்கும் குடலிலுள்ள இந்தப் பாதை ஒரு காரணம். அதற்காக மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

குடல் தொட்டு உணரும் உறுப்பு என்றால், அது தொட்டு உணர ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? தீட்டிய அரிசி, மைதா, பேக்கரிப் பண்டங்கள் என்று சக்கை இல்லாத உணவையே உண்டால் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் பொருள் குறைவு. கீரை, காய்கறி, பயறு, தோலுடன் உண்ணும் பழங்கள், தீட்டாத தானியங்கள் ஆகியவற்றின் நார்ச்சத்து நீரைப் பிடித்து, பருத்து, சுவரை மெல்ல அழுத்துகிறது. கடைகளில் கிடைக்கும் இசப்கோல் உமியும் இதே முறையில்தான் உதவுகிறது. ஆனால் போதிய தண்ணீர் குடிக்காமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் அதுவே அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதே நல்லது.

அழைப்பு வரும்போது அடக்காமல் இருப்பதும் முக்கியம். பள்ளிக் கழிப்பறை அசுத்தமாக இருக்கிறது என்று அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளும், வேலை இடத்தில் வசதியில்லாமல் அடக்கிக்கொள்ளும் பெண்களும் நம்மிடையே ஏராளம். அடக்க அடக்க மலம் இறுகி, கழிப்பது இன்னும் கடினமாகிறது. காலை உணவுக்குப் பிறகு வயிறு விரியும்போது பெருங்குடலும் இயல்பாகவே அசையத் தொடங்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளை அவசரப்படுத்தாமல் பத்து நிமிடம் ஒதுக்கிக் கொடுப்பது பெற்றோரால் முடிகிற காரியம்.

வீட்டில் வயதானவர்கள் மலச்சிக்கலை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மருந்துக் கடையில் பேதி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களிடம் நாமாகவே கேட்க வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், தொடர் காய்ச்சல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, நடுத்தர வயதுக்குப் பின் மலப்போக்கில் திடீர் மாற்றம் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இறுதியாக, தொடக்கத்தில் சொன்ன மனிதர்களிடம் வருவோம். ஸ்கேனிலும் எண்டோஸ்கோப்பியிலும் குடலின் உருவம்தான் தெரியும். ஒரு செல் எந்த அழுத்தத்துக்கு மணி அடிக்கிறது, அந்த மணியை நரம்பு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது அதில் தெரியாது. மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியாத சாதாரண வாயு, குடல் எரிச்சல் நோய் உள்ள பலருக்குத் தாங்க முடியாத வலியாக இருக்கிறது. மனக்கவலை அதைக் கூட்டலாம். ஆனால் வலி கற்பனை அல்ல. "ரிப்போர்ட் நார்மல்" என்பதற்கு "உனக்கு ஒன்றுமில்லை" என்று பொருள் கொள்ள வேண்டாம். ஆபத்தான நோய்கள் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். இனி வீட்டில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "எப்பப் பார்த்தாலும் இதே பாட்டுதான்" என்று கடந்துபோகாமல், பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் கேட்போம்.